கிளீனரின் இடது கால்

ஆடி 22, புதன்

டாக்டர் ஷகிலா பானு எழுதச் சொன்னதால் இந்த நோட்டு. நாய் எப்படி எழுந்தது, எவ்வளவு நேரம் நடந்தது, எந்தக் காலைத் தாங்குகிறது, என்ன தின்றது, எல்லாவற்றையும் தினமும் எழுதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுபோக வேண்டும். "போன்லயே டைப் பண்ணி அனுப்பிருங்க" என்று அந்தம்மா என் மருமகள் மேனகாவிடம்தான் சொன்னது. நான் குறுக்கே புகுந்து, "நான் எழுதறனுங்க" என்றேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. பார்க்கட்டும். நான் படித்தது ஐந்தாவது வரைதான், ஆனால் அந்த ஐந்திலும் நான்தான் முதல். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினார். இந்தூருக்கும் நாக்பூருக்கும் லாரி ஆபீஸ் முகவரி போட்டு நான் எழுதிய கடிதங்களை மற்ற டிரைவர்களும் வாங்கிப் படிப்பார்களாம், எழுத்து அவ்வளவு குண்டு குண்டாக இருக்குமென்று.

நாயின் பெயர் கிளீனர். பேத்தி ரித்திகா ஒன்பதாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய லாப்ரடார். அவள் வைத்த பெயர் புரூனோ. ஆனால் அது எந்நேரமும் அவர் பின்னாலேயே சுற்றி, கார்க் கதவைத் திறந்தால் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "லாரியில கிளீனர் பையன்கூட இத்தனை பொறுப்பா இருந்ததில்ல" என்பார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. பேத்தி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். நாய் எங்களோடு. வயது எட்டு.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். "தொடை எலும்போட உருண்டை இடுப்புக் குழிக்குள்ள கச்சிதமா உக்காரணும். இவனுக்குப் பொறப்புலயே குழி ஆழமில்ல. அதுக்கு மேல இத்தனை எடை. உரசி உரசித் தேஞ்சு, மூட்டுவாதம் ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு பக்கமும் இருக்கு, இடது பக்கம் ரொம்ப மோசம்."

இடது பக்கம் என்றபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த அறையில் ஏசி அதிகம்.

எடை நாற்பத்து நாலு கிலோ. இருக்க வேண்டியது முப்பத்திரண்டு. காலை ஒரு கப், மாலை ஒரு கப், அவித்த கோழி, காய், உப்பில்லாமல். எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு கூடவே கூடாது. மாடிப்படி ஏறக்கூடாது, வழுக்கும் தரையில் நடக்கக்கூடாது. காலையும் மாலையும் பத்து நிமிஷம் மெதுவாக நடை. வலி மாத்திரை சாப்பாட்டோடு ஒன்று. கிளம்பும்போது என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க போடற மூட்டு மாத்திரையைப் பாவம்னு இவனுக்குக் குடுத்துராதீங்க. கிட்னி போயிரும்" என்றார்.

எனக்குத் தெரியாதா.

ஆடி 23, வியாழன்

கூடத்தில் டைல்ஸ் கண்ணாடி மாதிரி. நாய் எழும்போது பின்கால் இரண்டும் அகன்று போய்விடுகிறது. மகன் கதிர்வேல் ரப்பர் விரிப்பு ஆர்டர் போடுகிறேன் என்றான். எதற்கு? கார் ஷெட்டில் அவருடைய லாரித் தார்ப்பாய் மடித்துக் கிடக்கிறது. இறக்கி, அறுத்து, நாய் படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை பாதை போட்டேன். நகம் நன்றாகப் பிடிக்கிறது.

விரித்ததும் டீசலும் மழையும் கலந்த வாடை. வீடு முழுக்க.

"அத்தை, நாத்தமடிக்குது, அலசிப் போட்டுக்கலாமுங்க" என்றாள் மேனகா. காய்ந்தால் போய்விடும் என்றேன். அலசவில்லை.

ஆடி 25, சனி

காலை எட்டு நிமிஷம், மாலை ஆறு. அளவுச் சாப்பாடு.

ஆடி 28, செவ்வாய்

நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் ஒரு தட்டல், பிறகு ஒரு இழுப்பு. ஒரு தட்டல், ஒரு இழுப்பு. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "இருங்க, வந்து புடிக்கறேன்" என்று ஓடினேன்.

நாய்தான். இடது பின்காலை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவருக்குச் சர்க்கரையில் இடது கால் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஏழு மாதம் வாக்கரைத் தட்டித் தட்டி இதே கூடத்தில்தான் நடந்தார். போன வருஷம் பங்குனியில் போய்விட்டார்.

மேனகா கேட்டுவிட்டாள். "நாயைப் போயி வாங்க போங்கங்கறீங்க" என்று சிரித்தாள். குழந்தையைக்கூடத்தான் வாங்க என்கிறோம், நாயைச் சொன்னால் என்ன என்றேன்.

ஆவணி 2, ஞாயிறு

அளவுச் சாப்பாடு. வலி மாத்திரை கொடுத்தாயிற்று. நகம் நீளமாக இருந்தால் கால் சரியாக ஊன்றாது என்று டாக்டர் சொன்னதால் கதிர்வேல் நகம் வெட்டிவிட்டான். ஒத்தடத்துக்கு வெந்நீரில் துண்டு நனைத்துப் பிழிந்து இடுப்பில் பத்து நிமிஷம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டது.

மேனகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பில் தலை தட்டி அளக்கிறாள். ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துத் திரும்ப டப்பாவில் போடுகிறாள். நாய் நிமிர்ந்து பார்த்தால், "இல்லடா, முடிஞ்சுது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எப்படித்தான் சொல்ல முடிகிறதோ. நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் மனசு அப்படி.

ஆவணி 5, புதன்

இன்று டாக்டரிடம் போனோம். எடை நாற்பத்து நாலரை. அரைக் கிலோ ஏறியிருக்கிறது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். எல்லா நாளும் அளவுச் சாப்பாடு என்றுதான் இருந்தது. "எழுத்து அழகா இருக்கும்மா" என்றார். பிறகு, "இவ்ளோ கரெக்டா குடுத்தும் ஏறுதுன்னா தைராய்டா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்" என்றார். முன்கால் மயிரைச் சிரைத்து ஊசி குத்தினார்கள். நாய் என் பக்கம்தான் பார்த்தது, கத்தவில்லை.

கதிர்வேலுக்கு மூக்கு நுனியில் கோபம். வண்டியில் வரும்போதே ஆரம்பித்துவிட்டான். "ஏ மேனகா, மீந்ததை எல்லாம் அதுக்குத்தான கொட்டற?"

"நானா? நான் அளந்து வெக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் காத்தக் குடிச்சா குண்டாவுது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் முன்சீட்டில் இருந்தேன். கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் சொன்ன இன்னொன்று. "எடை எறங்கலைன்னா ஆபரேசனுக்கும் மயக்க மருந்து குடுக்க முடியாது. நிக்கவே முடியாமப் போச்சுன்னா, அப்பறம் நாம பேசவேண்டிய பேச்சு வேற." எந்தப் பேச்சு என்று யாரும் கேட்கவில்லை. ஊசி போட்டு முடிக்கிற பேச்சு. எல்லோருக்கும் தெரியும்.

ஆவணி 6, வியாழன்

மேனகா என்னிடம் பேசவில்லை. கதிர்வேலிடமும் பேசவில்லை. நாய்க்கு அளந்து வைத்தாள்.

ஆவணி 9, ஞாயிறு

தைராய்டு இல்லையாம். ரத்தம் சுத்தமாக இருக்கிறதாம்.

டாக்டருக்குத் தேவையில்லாத விஷயம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். போன வருஷம் ஆடி அமாவாசை. அவர் போன பிறகு வந்த முதல் ஆடி. படையல் போட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை வைத்தேன். சோறு, பருப்பு, கச்சாயம். பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடுகிற கச்சாயம் என்றால் அவருக்கு உயிர். கா கா என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். ஒரு காக்கை வரவில்லை. பக்கத்து வீட்டு இலைக்கு வந்தது, அதற்கடுத்த வீட்டுக்கு வந்தது, எங்கள் இலைக்கு வரவில்லை. "கோவமா இருப்பாரு மாமா" என்று பக்கத்து வீட்டுப் பெண் விளையாட்டாகச் சொன்னாள்.

அப்போது கிளீனர் படியேறி வந்தது. அது வரைக்கும் மாடிக்கு வந்ததே இல்லை. முன்கால்களைச் சுவரில் தூக்கி வைத்து, சோற்றைத் தொடாமல், கச்சாயத்தை மட்டும் எடுத்துத் தின்றது. தின்றுவிட்டு என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வை நாயின் பார்வை இல்லை. என்னை நாற்பத்தாறு வருஷம் பார்த்த பார்வை எனக்குத் தெரியாதா.

அன்று நாயின் எடை முப்பத்து நாலு கிலோ. இது டாக்டரின் பழைய சீட்டில் இருக்கிறது.

ஆவணி 12, புதன்

நடை ஐந்து நிமிஷம். திரும்பும்போது ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடத்தி வந்தோம், மேனகா ஒரு முனை, நான் ஒரு முனை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரையும் இப்படித்தான் தாங்கினேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஏழு மாதம், ஒரு வேளை பிசகியதில்லை. ராகிக் களி, கீரை, சர்க்கரையில்லாத காப்பி. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பலகாரத்தை வாசலிலேயே வாங்கி வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி டாக்டரே மற்ற நோயாளிகளிடம், "இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். நான் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அவர் கேட்பார். கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் கொடுக்கவில்லை.

ஆவணி 17, திங்கள். அமாவாசை

படையல் முடிந்தது. காக்கை வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

மேனகா துணி துவைக்கப் போனாள், கதிர்வேல் டயர் பட்டறைக்குப் போய்விட்டான். ஆறு கச்சாயம். தரையில் வைக்கவில்லை, தட்டில் வைத்தேன். "சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டது. கை வரை நக்கியது.

அளவுச் சாப்பாடு என்று எழுத இன்று கை வரவில்லை.

ஆவணி 19, புதன்

நேற்று முழுவதும் வாந்தி. வயிற்றை வளைத்து, முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்று காலை எழவில்லை. முன்கால் ஊன்றுகிறது, பின்பக்கம் வரவில்லை. தார்ப்பாயில் உடம்பை இழுத்து இழுத்து என் கட்டிலுக்கு வந்து, கட்டில் காலில் தலையை வைத்துக்கொண்டது.

கதிர்வேல் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் வயிற்றைத் தொட்டதும் அது அந்த மேஜை மேலேயே மறுபடி வாந்தி எடுத்தது. மஞ்சள் தண்ணீரில் பழுப்புத் துணுக்குகள். டாக்டர் குச்சியால் தள்ளிப் பார்த்தார்.

"எண்ணெய்ப் பலகாரம். இவ்ளோ குண்டு நாய்க்கு இது கணையத்தையே புண்ணாக்கிரும். இப்ப வலி மாத்திரையும் நிறுத்தியாகணும், வயிறு தாங்காது. மாத்திரை இல்லாம அந்தக் கால்ல எப்படி எந்திரிப்பான்?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாருங்க குடுத்தது?"

கதிர்வேல் மேனகாவைப் பார்த்தான்.

மேனகா என்னைப் பார்த்தாள். எத்தனை நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. பிறகு டாக்டரிடம், "அமாவாசைக்குச் சுட்டதுங்க. நான் மூடி வெக்காம விட்டுட்டேன். இழுத்துத் தின்னுருக்குங்க" என்றாள்.

நான் இருக்கையில் இருந்தேன். என் வாய் திறக்கவில்லை. எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

நாயை அங்கேயே படுக்க வைத்து டிரிப் ஏற்றுகிறார்கள். மூன்று நாளுக்குள் எழாவிட்டால் யோசிக்கச் சொன்னார்.

ஆவணி 20, வியாழன்

நாய் இல்லாத கூடம். தார்ப்பாயை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

மேனகா மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் உன்மேல போட்டுக்கிட்ட?"

"உங்களப் போயி அந்தம்மா முன்னாடி எப்பிடிங்க அத்தை." துணியை விடாமல் மடித்தாள். "ஒரு மாசமாவே தெரியுமுங்க. உங்க சீலை முந்தானையில எந்நேரமும் எண்ணெய்."

"தெரிஞ்சும் அவன் உன்னத் திட்டறப்ப சும்மா இருந்த."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அப்போதுதான் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால், அவருடைய தங்கச்சி கச்சாயம் கொண்டுவந்தாள். நான் அடுப்படியில் இருந்த நேரம் அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது அவர் தொடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "பாவாயி, ஒண்ணே ஒண்ணு" என்றார். சிறுபிள்ளை மாதிரி ஒரு விரலைக் காட்டினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "டாக்டர் வேண்டான்னுட்டாரு" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காப்பி கொண்டு போனேன்.

"அந்தப் பசியோட போனவருதான் அதுக்குள்ள வந்து கேக்கறாரு மேனகா. ஒருதடவை இல்லன்னேன். மறுபடியும் எப்பிடி இல்லங்கறது?"

மேனகாவின் கை நின்றுவிட்டது. அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை.

"மாமா பசியோட போகலீங்க அத்தை."

"என்ன?"

"நீங்க அடுப்படியில கொண்டுவந்து வெச்சீங்கல்ல. அதுல ஒண்ணு எடுத்துட்டுப் போயி நான் குடுத்தேன். அன்னிக்குச் சாயந்தரமே. பாதி தின்னாரு. மீதியத் தலகாணிக்கடியில வெச்சு மறுநாள் தின்னாரு. 'உங்கத்தைகிட்டச் சொல்லிப்போடாத தாயி, கொன்னு போடுவா' ன்னு சிரிச்சாரு." கையிலிருந்த துணியைக் கசக்கினாள். "ரெண்டே நாள்ல போயிட்டாரு. நான் குடுத்ததாலதான்னு அன்னிலிருந்து எனக்கு... அதனாலதானுங்க இதுக்கு நான் ஒரு பருக்கை கூட..."

மிச்சத்தைச் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணி 21, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆவணி 22, சனி

சிரித்தாராம். என் முகத்தைப் பார்க்காதவர் அவளிடம் சிரித்திருக்கிறார்.

நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கோபத்தில் திரும்பிப் படுத்தார் என்று இந்த ஒன்றரை வருஷமாக நினைத்திருந்தேன். தலையணைக்கடியில் பாதிக் கச்சாயத்தை வைத்துக்கொண்டு, நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து திரும்பிப் படுத்திருக்கிறார். எது மேல்? தெரியவில்லை.

அவர் தின்றுவிட்டுத்தான் போனார் என்றால், இத்தனை நாள் என் கையில் வாங்கித் தின்றது யார்? யாருக்காக நான் அந்தக் காலை ஒடித்தேன்?

மாலை கதிர்வேல் போன் செய்தான். நாய் பின்கால் இரண்டையும் ஊன்றி ஒரு நிமிஷம் நின்றதாம், நாளைக்குக் கூட்டிப் போகலாமாம். மேனகா பக்கத்தில்தான் நின்றாள். அவள் கேட்காமல் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. தன்னால்தானா என்று. நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவள் கையால் தின்றாரே என்கிற எரிச்சல் எனக்கு.

ஆவணி 26, புதன்

கிளீனர் வந்து மூன்று நாள். துண்டு போட்டுத்தான் தூக்குகிறோம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, வாசல் வரை, திரும்ப. வலி மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று, அரை அளவு. சாப்பாட்டை மேனகா அளக்கிறாள், நான் தட்டை வைக்கிறேன். வெள்ளரிக்காய்த் துண்டு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கொடுத்தால் வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்க்கிறது.

இந்தப் பார்வையை நான் எங்கேயாவது கொண்டுபோய் வைக்க முடியுமானால் நன்றாக இருக்கும்.

புரட்டாசி 2, புதன்

டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. முழுவதும் உட்கார்ந்து படித்தார். வெளியே இரண்டு பூனைகளும் ஒரு ஆடும் காத்திருந்தன. படித்து முடித்து, "அந்த பிளட் டெஸ்ட்டு தேவையே இருந்திருக்காதும்மா" என்றார். கதிர்வேலிடமும் நானே சொல்லிவிட்டேன். அவன், "ஏம்மா!" என்றான், பிறகு மேனகாவிடம் என்னவோ சொல்லப் போய் வாயை மூடிக்கொண்டான். சொல்லியிருக்கலாம்.

எடை நாற்பத்து ஒன்றரை.

புரட்டாசி 5, சனி

பெருமாள் மாதம். எங்கள் வீட்டில் கவிச்சி நுழையாது. கிளீனருக்கோ அவித்த கோழிதான் சாப்பாடு. பருப்பும் சோறுமாகப் போட்டால் எடை ஏறும். மேனகா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி.

"அத்தை, சனிக்கிழமைங்க! நீங்களா?"

"பெருமாள் கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ கப்ப எடுத்துட்டு வா."

அவள் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

ரித்திகா போன் செய்தாள். "அப்பாயி, அவனைத் தண்ணியில நடக்க விடுங்க, எடை கால்ல விழாது" என்றாள். டாக்டரும் சொல்லியிருந்தார். மாலையில் மோகனூர் ரோட்டில் கதிர்வேலின் சிநேகிதன் தோட்டத்துத் தொட்டியில் இறக்கினோம். நெஞ்சளவு தண்ணீர். முதலில் கதிர்வேலின் தோளைக் கட்டிக்கொண்டது. பிறகு நடந்தது. இடது காலை இழுக்காமல், நேராக. தண்ணீருக்குள் சத்தமே இல்லை. நான் வரப்பில் நின்று பார்த்தேன். நாய் மாதிரி இருந்தது. வெறும் நாய். எனக்கு என்னவோ போலிருந்தது.

புரட்டாசி 11, வெள்ளி

காலை ஒன்பது நிமிஷம். துண்டு இரண்டு தடவை மட்டும். எடை நாற்பது, கொஞ்சம் கம்மி.

புரட்டாசி 16, புதன். மகாளய அமாவாசை

"கச்சாயம் சுடு" என்று மேனகாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். மாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "சுடு. அவருக்குத்தான்."

மாடியில் இலை வைத்தோம். இரண்டாவது கூப்பிடலுக்குக் காக்கை வந்தது. ஒன்றல்ல, மூன்று. கச்சாயத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது ஒன்று. அவர்தான் வந்தாரா, காக்கைதான் வந்ததா, எனக்குத் தெரியாது. இனி இதைத் தெரிந்ததாக நான் சொல்லப் போவதில்லை.

படியிறங்கி வந்தேன். வாடை பிடித்துக் கிளீனர் படியடியில் நின்றிருந்தது. படி ஏறக்கூடாது என்பதை அது பழகிக்கொண்டது. என் கையில் தட்டு, தட்டில் மிச்சம் நாலு. என்னைப் பார்த்தது. அதே பார்வை. ஒரு மாதமாக இது வெறும் நாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது எதுவும் அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்கவில்லை. ஒண்ணே ஒண்ணு என்று காதில் கேட்டது. என் கை தானாகத் தட்டுக்குப் போனது. பின்னால் மேனகா நின்றாள். அவள் தடுக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல" என்றேன். "உனக்கு இல்ல, கிளீனர்."

அன்றைக்குச் சொன்ன அதே குரல். வேறு குரல் எனக்கு இல்லை போல.

அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, தன் படுக்கைக்குப் போய், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தது.

படியிலேயே உட்கார்ந்தேன். மேனகா தட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டேவிட்டாள். "நான் குடுத்ததாலதானுங்களா அத்தை?"

"இல்ல."

"நெசமாவா?"

"கால் எடுத்த எடத்துப் புண்ணுல சலம் வெச்சு ரத்தத்துல ஏறிப்போச்சுன்னு ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாரு. ஒரு கச்சாயம் ஒரு மனுசனக் கொல்லுமாடி?" இந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத குரலில் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஒன்றுமே சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினார். ஆனால் இதை நான் இனி உயிரோடிருக்கும் வரை இப்படித்தான் சொல்வேன். "உன்ற கையாலயாச்சும் வாங்கித் தின்னாரே. நல்லதாப் போச்சு."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தொட்டேன். தொட்டுப் பழக்கமில்லை.

மாலையில் கப் அளந்து வைத்தோம். கிளீனர் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காது அசைந்தது, முகம் திரும்பவில்லை. ஒத்தடத் துண்டைப் போட்டேன், பெருமூச்சு வரவில்லை. சாப்பாடு அப்படியே இருக்கிறது. "கோவம், காலையில சரியாயிரும்" என்கிறான் கதிர்வேல். அவனுக்கு என்ன தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் திரும்பாத வீடு இது.

புரட்டாசி 17, வியாழன்

ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்க்கத் தைரியமில்லை. காப்பி போடவும் போகவில்லை. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேனகா ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கூடத்துக்குப் போகப் பயம்.

விடிந்து வெயில் வந்தது. கிளீனர் தானாகவே எழுந்து, யாரும் துண்டு பிடிக்காமல், என் அறை வரை நடந்து வந்தது. வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.